கொடிகாமத்திலை கிடைச்ச வெள்ளை லேபல்

போன சனிக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. கொடிகாமத்துக்குப் போய் ஒரு இசைத்தட்டை வாங்கி, பின்னேரம் நாலு மணிக்கு வட்டுக்கோட்டைக்குக் கொண்டு போகோணும். அவ்வளவுதான். ஒரு தபால்காரன் கண்ணை மூடிக்கொண்டு செய்யிற வேலை.

அதைத்தான் நான் செய்யப் போனன்.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: நான் சோல் றெக்கோட் சேக்கிறனான். அமெரிக்காவிலை அறுபதுகளிலை கறுப்பின ஆக்கள் பாடின பாட்டு. கோயில்லை உருகிற மாதிரித் தொடங்கும், காதலி விட்டிட்டுப் போன மாதிரி முடியும். இணுவில்லை இருந்துகொண்டு உதைச் சேக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதிலை எனக்கு ஒரு பெருமை. ஊருக்கு ஒரு கவலை.

என்னட்டை அறுபத்திரண்டு தட்டு இருக்கு. பிளேயரும் இருக்கு. பிளேயருக்கு ஊசிதான் இல்லை. அது கொழும்பிலையிருந்து நாலு மாசமாய் வந்துகொண்டே இருக்கு.

எங்களுக்கு ஒரு வாட்சப் குறூப்பும் இருக்கு. மூண்டு பேர். நான், சாவகச்சேரியிலை பல் டொக்டராய் இருக்கிற மலர், பிறகு வட்டுக்கோட்டை யோகன் மாஸ்ரர். மாஸ்ரர் கணக்குப் படிப்பிச்சு ஓய்வெடுத்தவர். குறூப்பிலை வேலை செய்யிற ஊசி அவரிட்டை மட்டுந்தான் இருக்கு. அதாலை அவர்தான் தலைவர். தேர்தல் எல்லாம் வைக்கேல்லை.

ஆறு வருசமாய் நான் என்ன தட்டு வாங்கினாலும் மாஸ்ரர் படத்தைப் பாத்திட்டு ஒரே பதில்தான் போடுவார்: "உது மறுபதிப்பு ஐசே." முதல் அடிச்ச தட்டில்லை, மதிப்பில்லை எண்டு அர்த்தம்.

ஒருக்கால் என்ரை பிறந்தநாள் கேக்கின்ரை படத்தைப் பிழையாய் குறூப்பிலை போட்டிட்டன். அதுக்கும் அதுதான் பதில்.

இப்பிடி இருக்கேக்கைதான் முகநூலிலை அந்த விளம்பரத்தைக் கண்டன். கொடிகாமத்திலை வசந்தி எண்டு ஒரு அக்கா. அவவின்ரை தேப்பன் கப்பல்லை வேலை செய்தவராம். அவர் கொண்டந்த சாமானெல்லாத்தையும் விக்கிறா. படத்திலை ஒரு சின்னத் தட்டின்ரை கடதாசி உறை தெரிஞ்சுது. அமெரிக்காவிலை ரெண்டு மூண்டு வருசம் மட்டும் இருந்து மூடப்பட்ட ஒரு குட்டி சோல் கம்பனியின்ரை உறை!

உடனை குறூப்பிலை போட்டன்: "சனிக்கிழமை நாலு மணிக்கு மாஸ்ரர் வீட்டிலை சரித்திரம் நடக்கப்போகுது."

மாஸ்ரர்: "மறுபதிப்பாய் இருக்கும்."

மலர்: "அண்ணை, மூண்டு மணி வரைக்கும் எனக்குப் பல்லுப் பிடுங்கிற வேலை. சரித்திரத்தைக் கொஞ்சம் பிந்தித் தொடங்கலாமோ?"

சனிக்கிழமை பத்து மணிக்கே கொடிகாமத்திலை நிண்டன். வசந்தி அக்கா பெட்டியைத் தூக்கி முன்னாலை வைச்சா.

"எல்லாத்தையும் ஒண்டாய்த்தான் அடைஞ்சு வைச்சனான் தம்பி. எது எதின்ரை உறையெண்டு எனக்குத் தெரியாது."

இந்த வசனத்தை நான் கேட்டனான். வடிவாய்க் கேட்டனான். ஆனால் என்ரை மூளை அண்டைக்கு லீவு.

உறையை எடுத்து, தட்டை மெல்லமாய் வெளியிலை இழுத்தன். நடுவிலை இருக்கிற லேபல் வெறும் வெள்ளை! ஒரு எழுத்து இல்லை!

உங்களுக்கு இதின்ரை அருமை விளங்காது. கம்பனிக்காரர் ஒரு பாட்டை வெளியிட முந்தி சோதிச்சுப் பாக்க நாலைஞ்சு தட்டு மட்டும் அடிப்பினம். அதிலை பேர் ஊர் ஒண்டும் இராது, வெள்ளை லேபல்தான். அதுதான் உலகத்திலையே அரிய சாமான். அதாவது எங்கடை உலகத்திலை, ஒண்டுமே எழுதாட்டித்தான் மதிப்பு.

"தம்பி, அப்பா அம்மாவுக்கு வாங்கியந்த தையல் மெசினும் இருக்கு. அதோடை வந்த சாமானுகளும் பெட்டிக்கை கிடக்குது. பாக்கிறியளோ?" எண்டு அக்கா கேட்டா.

நான் ஒரு மாதிரிச் சிரிச்சன். கலைஞன் வியாபாரியைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு.

"நான் தைக்கிறேல்லை அக்கா."

சொன்ன விலையைக் குடுத்திட்டு, தட்டை ரெண்டு காட்போட் மட்டைக்கு நடுவிலை வைச்சு, துணிப் பையிலை போட்டு, பச்சைப் பிள்ளையைக் கொண்டு போற மாதிரி நெஞ்சிலை தொங்கவிட்டுக்கொண்டு மோட்டச்சைக்கிளை எடுத்தன். பின்னாலை வந்த பஸ்காரன் கோண் அடிச்சுக் களைச்சுப் போனான்.

கோண்டாவில் ரெயில் கேற் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

கேற் பூட்டு. கோச்சி வருதாம். எனக்குப் பக்கத்திலை ஒரு உழவு மெசின், பெட்டி நிறைய வெங்காயம். அதை ஓட்டி வந்த ஐயா எஞ்சினை நிப்பாட்டாமல், என்ரை நெஞ்சிலை தொங்கிற பையையே பாத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உதென்ன? குழந்தையோ?"

"இல்லை ஐயா. சோல் றெக்கோட்."

"சோலோ? செருப்பின்ரை அடியோ?"

வேறை ஆரும் எண்டால் "ஓம் ஐயா" எண்டு சொல்லிப்போட்டு கேற்றைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பினம். நான் மோட்டச்சைக்கிளைவிட்டு இறங்கினன். ஒருத்தருக்கு சோலைப் பற்றி ஒண்டுமே தெரியாதெண்டால் எனக்கு நித்திரை வராது.

மட்டையைப் பிரிச்சுத் தட்டை எடுத்துக் காட்டினன்.

"இதிலை பாட்டு இருக்கோ?"

"பாட்டில்லை ஐயா, வலி! மனிசன்ரை ஆத்மாவின்ரை வலி!"

"அப்ப உதை ஏன் வாங்கினனீர்?"

நியாயமான கேள்விதான். நான் அதைக் கணக்கெடுக்கேல்லை. போனிலை ஒரு சோல் பாட்டைப் போட்டுக் காட்டுவம் எண்டு யோசிச்சன். போனை எடுக்க ரெண்டு கையும் வேணும். அதாலை தட்டை, பக்கத்திலை வசதியாய் இருந்த உழவு மெசின் பொனற்றுக்கு மேலை வைச்சன்.

திருப்பி ஒருக்கால் வாசியுங்கோ. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கு. மத்தியான வெயில். பொனற்றுக்கு மேலை.

ஐயா பாட்டை அரை நிமிசம் கவனமாய்க் கேட்டார்.

"உவன் ஏன் உப்பிடிக் கத்துறான்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?"

"அது கத்திறேல்லை ஐயா. காதலி விட்டிட்டுப் போட்டாள்."

"போன போகம் என்ரை வெங்காயம் முழுக்க மழைக்கை அழுகிப் போச்சு. நான் உப்பிடிக் கத்தினனானோ?"

அதுக்கும் என்னட்டைப் பதில் இருந்தது. தேவாலயப் பாட்டு எப்பிடி சோலாய் மாறினது, ஓர்கன் எங்கை வரும், பித்தளைக் குழல் எங்கை வரும், எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். முன்னாலை நிண்ட ஓட்டோக்காரனும் தலையை வெளியிலை நீட்டிக் கேட்டான். எனக்கு மேடை ஏறின மாதிரி இருந்தது. கோச்சி வந்தது, போனது. கேற் திறந்தது. நான் நிப்பாட்டேல்லை. பின்னாலை கோண் சத்தம்.

"தம்பி," எண்டார் ஐயா அமைதியாய். "உம்மடை வலி உருகுது."

திரும்பிப் பாத்தன். தட்டின்ரை ஒரு கரை பொனற்றைத் தழுவிக்கொண்டு படுத்திருக்கு. மற்றக் கரை மேலை எழும்பி என்னைப் பாக்குது. எண்ணைக்கை போட்ட அப்பளம் முதல் செக்கன்லை எப்பிடி இருக்கும்? அப்பிடி!

வீட்டுக்குத்தான் ஓடினன். என்ரை மனிசி கலா குசினியிலை நிண்டவ.

"இதென்னப்பா, அப்பளக் கொம்பனி ஏதும் தொடங்கிறியளோ?"

"கலா, பகிடி விடாதை. இது உலகத்திலை நாலு தட்டிலை ஒண்டு."

"மற்ற மூண்டும் நேராய் இருக்குமோ?"

அலுமாரியிலையிருந்து ரெண்டு கண்ணாடித் தட்டைக் கழட்டி, நடுவிலை றெக்கோட்டை வைச்சு, மேலை அரிசி மூட்டையை ஏத்தினன். அது காணாதெண்டு நானும் ஏறி இருந்தன். முக்கால் மணித்தியாலம் அரிசி மூட்டைக்கு மேலை, அடைகாக்கிற கோழி மாதிரி. கலா போற வாற நேரமெல்லாம் ஒருக்கால் நிண்டு பாத்திட்டுப் போனா.

"உதை முதல் போட்டுக் கேட்டனீங்களோ?" எண்டு கேட்டா.

"வெள்ளை லேபலைக் கேக்கத் தேவையில்லை. பாத்தாலே தெரியும்."

எடுத்துப் பாத்தால், முதல் ஒரு பக்கம் வளைஞ்ச தட்டு இப்ப ரெண்டு பக்கமும் வளைஞ்சிருக்கு. கடல் அலை மாதிரி, வடிவாய்த்தான் இருந்தது.

நாலேகாலுக்கு வட்டுக்கோட்டை. மலர் முதலே வந்து இருந்தவ. தட்டைக் கண்டிட்டு, பல்லை இழந்த ஆளிட்டைக் கதைக்கிற குரல்லை, "அண்ணை, பறவாயில்லை, போட்டுப் பாப்பம்" எண்டா.

மாஸ்ரர் தட்டைத் தூக்கி லேபலைப் பாத்தார். திருப்பிப் பாத்தார். அந்தப் பக்கமும் வெள்ளை. ஆறு வருசத்திலை முதல்தரம் "மறுபதிப்பு" எண்டு சொல்லேல்லை.

"வெள்ளை லேபல்," எண்டார் மெல்லமாய்.

ஊசியை வைச்சார். ஊசி அலையிலை போற வள்ளம் மாதிரி ஏறி ஏறி இறங்கிச்சுது. ஓர்கன் ஒண்டு வந்தது. பிறகு பித்தளைக் குழல். ஒரு பத்துப் பதினைஞ்சு செக்கன். மாஸ்ரர் கண்ணை மூடினார்.

பிறகு ஒரு ஆம்பிளைக் குரல். தட்டு வளைஞ்சபடியால் குரல் அப்பிடியே இழுபட்டு, மேலை போய், நடுங்கி, கீழை விழுந்துது. எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது.

"குரலைப் பாரும் ஐசே," மாஸ்ரர் கண் திறக்கேல்லை. "அடிபட்ட குரல். உடைஞ்ச மனிசன்."

உடைஞ்ச மனிசன் ஏதோ பேரைச் சொன்னான். திருப்பியும் சொன்னான். பொபின்... பொபி...இ...ன்...

"பொபின்!" எண்டார் மாஸ்ரர். "பொபின் எண்டு ஒருத்தியைக் கூப்பிடுறான். பொபின் வெறுமையாய்ப் போச்சு எண்டுறான். அவள் போனாப் பிறகு வாழ்க்கை வெறுமை!"

அடுத்த வசனம் எனக்கு வடிவாய் விளங்கினது. நூலை வலப்பக்கத்தாலை கோத்து, கால் மிதியை மெதுவாய் அமத்தவும். வசந்தி அக்கா சொன்ன தையல் மெசினோடை வந்த தட்டு!

மலரைப் பாத்தன். மலர் ஆஸ்பத்திரியிலை போடுற முகக்கவசத்தைப் பையிலையிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டா. அவவின்ரை தோள் ரெண்டும் குலுங்கினது.

மாஸ்ரர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. சத்தியமாய்!

"ஐசே. நான் உம்மைப் பிழையாய் விளங்கி வைச்சிருந்திட்டன். இவ்வளவு காலமும் உம்மடை காதை நம்பேல்லை. மன்னிச்சுக்கொள்ளும்."

ஆறு வருசமாய் நான் காத்திருந்த வசனம்! இந்த இடத்திலை ஒரு நேர்மையான மனிசன் என்ன செய்வான்? உண்மையைச் சொல்லுவான்.

நான், "பறவாயில்லை மாஸ்ரர்" எண்டன்.

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்து, ஆரையும் தொடவிடாமல் வைச்சிருக்கிற தன்ரை தட்டு ஒண்டை எடுத்தார். உறைக்கு உறை போட்டு, அதுக்கும் ஒரு உறை போட்டிருந்தார்.

"இதை நீர் எடும். அதை எனக்குத் தாரும்."

மலர் இருமத் தொடங்கிட்டா. எனக்கு மனச்சாட்சி குத்தினது. கையும் நீண்டது. ரெண்டும் ஒரே நேரத்திலை நடந்தது, நான் மறைக்கேல்லை.

அந்த நேரம் பாத்து மாஸ்ரரின்ரை மனிசி தேத்தண்ணித் தட்டத்தோடை உள்ளை வந்தா. சாந்தி அக்கா. முப்பது வருசம் தையல் படிப்பிச்சவ. வாசல்லை நிண்டு ஒரு நிமிசம் காதைக் குடுத்தா.

"இஞ்சருங்கோ, உவன் ஏன் பொபினுக்கு நூல் சுத்திறதை உப்பிடி இழுத்து இழுத்துச் சொல்லுறான்? சுகமில்லையோ?"

தட்டிலை இருந்த அமெரிக்கக்காரன் விடேல்லை. இப்ப மெசினுக்கு எண்ணெய் விடுற பாகத்துக்கு வந்திட்டான்.

மாஸ்ரரின்ரை கை அலுமாரியாலை எடுத்த தட்டோடை அந்தரத்திலை நிண்டது. பிறகு மெல்ல மெல்ல அது திருப்பி உள்ளை போனது. பூட்டும் போட்டார். திறப்பைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சார்.

"நான் முதலே சந்தேகப்பட்டனான்," எண்டார்.

மலர் முகக்கவசத்தோடையே முற்றத்துக்கு ஓடிட்டா.

நான் ஊசியைத் தூக்கப் போனன். சாந்தி அக்கா கையைப் பிடிச்சா. "விடும் தம்பி, விடும். நல்லாய்ச் சொல்லுறான். உவன் கால்சட்டைக்குச் சிப் வைக்கிறதைப் பற்றியும் சொல்லுவான் போலை." கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னாலை இருந்தா. முதல் பக்கம் முடிஞ்சு மற்றப் பக்கமும் போட்டம். தேத்தண்ணியைக் கையிலை வைச்சுக்கொண்டு திரும்பி வந்த மலரோடை நாங்கள் நாலு பேரும், சிப் வைக்கிறது, ஓரம் மடிக்கிறது, பட்டன் ஓட்டை வெட்டுறது எல்லாத்தையும் மரியாதையாய்க் கேட்டம். எழும்பிப் போற துணிவு ஒருத்தருக்கும் இல்லை.

உண்மையைச் சொல்லுறன், பட்டன் ஓட்டைக்குப் பின்னாலை ஓர்கன் திருப்பி வந்த இடம் நல்லாய்த்தான் இருந்தது.

தட்டைச் சாந்தி அக்காவுக்கே குடுத்திட்டு வந்தன். குறூப்பிலை மூண்டு நாளாய் ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. மலர் மட்டும் ஒருக்கால் நூல்கண்டுப் படம் ஒண்டு போட்டு, உடனை அழிச்சிட்டா.

நேற்று மாஸ்ரர் எனக்குத் தனியாய் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்:

"ஐசே, அந்தக் கொடிகாமம் வீட்டிலை உதின்ரை ரெண்டாம் பாகம் கிடக்குதோ எண்டு விசாரியும். மனிசிக்கில்லை. எனக்கு."