வராத கூட்டத்தின் வரவேற்பாளர்

கூட்டம் வந்த பிறகு திண்டாடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு ரகம். வராத கூட்டத்தை நினைத்து வியர்த்துப் போகிற ரகம். மென்பொருள் கம்பெனிகளில் இவர்களை ஆர்க்கிடெக்ட் என்பார்கள். கட்டடம் கட்டுகிற ஆர்க்கிடெக்ட் இல்லை. அவர் ஒரு தடவை கட்டினால் அதோடு விட்டுவிடுவார்.

எங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பத்து லட்சம். சம்பளத்தைச் சொல்லவில்லை. நீங்கள் எதைச் செய்து கொண்டுபோய்க் காட்டினாலும், அது கேன்டீன் மெனுவைக் காட்டுகிற ஒரு சின்னப் பக்கமாகவே இருந்தாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"சரி, பத்து லட்சம் பேர் ஒரே நேரத்துல வந்தா?"

கேன்டீனில் இருப்பதே நாற்பது நாற்காலி என்று சொல்லிப் பாருங்கள். உங்களை இரக்கத்தோடு பார்ப்பார். "அது இன்னிக்கு."

பிறகு எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போவார். எல்லா வேலையையும் ஒரே இடத்தில் செய்துகொண்டிருந்த உங்கள் புரோகிராமுக்கு மோனோலித் என்று பெயர் சொல்வார். ஜெயிலுக்குப் போய் வந்த உறவினரைப் பற்றிப் பேசுகிற அதே குரலில். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மைக்ரோசர்வீஸ் என்று பெயரிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு கன்டெய்னரில் அடைத்து, கன்டெய்னர்களை மேய்க்கக் குபர்நெட்டிஸ் என்று இன்னொரு புரோகிராமை வைத்து, அதைக் கிளவுட் என்கிற வாடகைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு நாட்டுக் கிளவுட் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு நாட்டுக் கிளவுடிலும் ஏற்றி, எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒன்றை வைத்து, அது ஒழுங்காகப் பார்க்கிறதா என்று பார்க்க மற்றொன்றை வைத்து முடிப்பார். மெனு வரும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வரும்.

போன வருஷம் சர்வர்லெஸ் என்று ஆரம்பித்தார். புரோகிராம் ஓடுகிற சர்வரே இல்லாமலா என்று கேட்டேன். "இருக்கும். ஆனா எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது. நம்பணும்" என்றார். கடவுளைப் பற்றிப் பேசுகிறார் போலிருக்கிறது என்று மரியாதையாக எழுந்து நின்றேன்.

இதெல்லாம் ஆபீஸோடு போயிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அவருக்கு ஒரு தங்கை. பல் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஓர் அறையும் காத்திருக்க ஒரு பெஞ்சுமாகச் சொந்தக் கிளினிக் திறக்கப் புறப்பட்டாள். முதலில் வருகிறவர்கள் வெளியே போய் நாலு பேரிடம் நல்லபடியாகச் சொன்னால் பிழைத்தாள். இல்லாவிட்டால் பழைய ஆஸ்பத்திரிக்கே போய்க் கை கட்டி நிற்க வேண்டியதுதான். அதனால் அண்ணனிடம் ஓர் உதவி கேட்டாள்.

"எந்த நேரம் காலின்னு பார்த்துப் பேரைப் பதியற மாதிரி ஒரு பக்கம் போதும்ணா. வர்றவங்க காத்துக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"பத்து லட்சம் பேர் வந்தா?"

"ஊர்லயே அவ்வளவு பேர் இல்லையே."

"மத்த ஊர்க்காரங்களுக்குப் பல்லு இல்லையா?"

அன்று இரவே அண்ணன் துண்டு துண்டாக வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

திறப்பு நாளன்று சிஸ்டம் ஓடுகிற அழகைக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். திரை முழுக்கப் பச்சை விளக்குகள். படியேறி ஒரு பஸ் டிரைவர் வந்தார், கன்னம் வீங்கி. பின்னாலேயே ஒரு டீச்சர். அவருக்குப் பின்னால் ஆடுகிற பல்லை நாக்கால் தாங்கியபடி ஒரு பெரியவர். மூன்று பேரும் போனை நீட்டினார்கள். மூன்றிலும் அதே பத்து மணி.

நடந்தது இதுதான். காலி நேரத்தைக் காட்டுகிற சர்வீஸ் ஒரு நாட்டில், பெயரைப் பதிகிற சர்வீஸ் இன்னொரு நாட்டில். ஒருவர் பதிந்த செய்தி முதல் நாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், அங்கிருந்த சர்வீஸ் அதே நேரத்தை அடுத்தவருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டது.

"கவலைப்படாதீங்க. ரெண்டும் கொஞ்ச நேரத்துல பேசி ஒத்துப்போயிடும். ஈவென்ச்சுவல் கன்சிஸ்டன்சின்னு பேரு. பெரிய பெரிய இடத்துலயே இப்படித்தான்" என்றார் அண்ணன்.

டிரைவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணனுக்கு அது நல்ல நேரம். டீச்சரால் முடிந்தது.

"அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுங்க பேசி முடிக்கிற வரைக்கும் என் பல்லு சும்மா இருக்குமா?"

சொல்லிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கையுறையோடு வெளியே வந்த தங்கை, அவர் படியிறங்குவதைத்தான் பார்த்தாள். அண்ணன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஆனா கவனிச்சியா? சிஸ்டம் ஒரு நிமிஷம்கூட நிக்கல."

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"பத்து லட்சம் பேர் வரும்போது உன்னைக் கூப்பிடறேண்ணா. இப்ப வந்ததே மூணு பேர், அதுல ஒருத்தங்க போறாங்க. ஓடிப்போய்க் கூட்டிட்டு வா."

ஓடினார். தனியாகத்தான் திரும்பி வந்தார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை.

"கேட்டீங்கல்ல? பத்து லட்சம் பேர் வருவாங்கன்னு அவளே ஒத்துக்கிட்டா. மூணாவதா ஒரு நாட்டுலயும் ஏத்திட்டா பிரச்சினையே இருக்காது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். சாப்பாட்டு மேஜைக்கு எட்டு நாற்காலி. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகள், இன்னும் அட்டைப் பெட்டி வாசனை போகாமல். அவ்வளவு விருந்தாளிகளும் ஒரே நாளில் வந்துவிட்டால்? நியாயம்தான், தயாராக இருக்க வேண்டியதுதான். போன வாரம் உங்கள் தங்கை வந்திருந்தாளே, அவளுக்கு எந்தக் கோப்பையில் காபி கொடுத்தீர்கள்?