மகாதேவன் காதுக்கு ஏற்ற ஹெட்போன்

"ஒண்ணுமே கேக்கலையே, பரீத்!" என்று மகாதேவன் கத்தினார். தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

கீழ் வீட்டு ஷேக் பரீத் மொபைலைப் பார்த்தார். அதிலிருந்து போகும் வயரைப் பார்த்தார். கடைசியாக மகாதேவனின் தலையைப் பார்த்தார்.

"சார், ஃபிட் ஆகல."

"என்னது?"

"காதுல சரியா ஒக்காரலங்கேன். இந்த மாதிரி ஒசந்த சாமானெல்லாம் மாட்டுன ஒடனே பாடிராது. காதைச் சுத்தி ஒரு எறும்பு நுழையுற சந்து இருந்தாலும் போதும், சத்தம் பூரா வெளியே ஓடிரும்."

பரீத் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஆனால் செம்பூரில் அந்தக் காலனிக்குள் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும் அவரைக் கூப்பிடாமல் பெட்டியைப் பிரிப்பதில்லை. ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டி, கண்ணை மூடி, அரை நிமிஷம் தலையை ஆட்டினார்.

"வருது சார். லேசா, ரொம்ப லேசா. பின்னால ஒரு பொட்டு இரைச்சல் இருக்கா பாருங்க? ஏக்தம் சுத்தம். அதுக்குத்தான் சார் இந்த விலை."

பரீத்துக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மகாதேவனுக்கு வெட்கமாக இருந்தது. "ஆமாம், ஆமாம், லேசா" என்று சொல்லி வைத்தார்.

அவர் பாட்டுக் கேட்பதற்காக அதை வாங்கவில்லை. பாட்டென்றாலே கொட்டாவி விடுகிற ஜாதி அவர்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி விஜயலக்ஷ்மி செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு மொபைலில் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "இதோ பாருங்கோ, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்..." அதற்குள் ரயில் வந்துவிட்டது. மீதிப் பதினோரு விநாடியும் ரயில்தான் பேசியது. ஆபீசில் அதைக் கேட்ட மகாதேவன், 'சாயந்திரம் ஆத்துக்குப் போய்க் கேட்டுக்கலாம்' என்று மொபைலை வைத்துவிட்டார். குர்லாவில் இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் அவள் சொன்னதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட மனுஷன். இப்போது அந்தப் பதினோரு விநாடி மட்டும் காதில் விழாதா என்று தவித்தார். ரயிலுக்கு அடியில் அவள் குரல் இருக்கத்தானே வேண்டும்? நல்ல ஹெட்போன் என்றால் அதைப் பிரித்துக் கொடுத்துவிடும் என்று பரீத் சொன்னார். ரிடையர் ஆன கையோடு மகாதேவன் தாதரில் ஒரு பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தி எது என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மொதல்ல கண்ணாடியைக் கழட்டுங்க. அந்தக் கம்பிதான் சந்து விடுது" என்றார் பரீத்.

கண்ணாடியைக் கழற்றினார். "தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுங்க. புதுச் செருப்பு மாதிரிதான், பழகப் பழகத்தான் எறங்கும்" என்று சொல்லிவிட்டுப் பரீத் ஆபீசுக்குக் கிளம்பினார்.

மூன்றாவது நாள் ரயில் கேட்டது. எங்கோ தூரத்தில், போர்வைக்குள் ஓடுகிற மாதிரி. மகாதேவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியும் இல்லை, கண்ணீர் வேறு. காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்தார். பேப்பர் வாங்கக் கீழே போனவர், திரும்பும்போது ஒரு மாடி அதிகம் ஏறி, மூன்றாவது மாடி ஸ்மிதா வீட்டு சோபாவில் உட்கார்ந்து, "விஜி, ஃபேனைப் போடு" என்றார். ஸ்மிதா ஃபேனைப் போட்டுவிட்டு, அவரைக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டாள்.

ஐந்தாவது நாள் காலை, ரயிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இடது பக்கம் தூக்கிண்டு இருக்கு."

மகாதேவன் யோசித்தார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இதை ஏன் சொல்ல வேண்டும்? காதைத் தொட்டுப் பார்த்தார். ஹெட்போனின் இடது பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. அழுத்திவிட்டார்.

"ஆங். இப்போ சரி" என்றது குரல்.

பயந்தாரா என்றால், பயந்தார். மொபைலைப் பார்த்தார். பதினோரு விநாடியும் எப்போதோ ஓடி முடிந்து, திரை கறுத்துக் கிடந்தது. ஹெட்போனுக்குள் மட்டும் விஜயலக்ஷ்மியின் வளையல் சத்தம் கேட்டது. ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"விஜி... நீதானா?"

"பின்னே வேற யாரு? என்ன இது, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுண்டிருக்கேள்?"

குனிந்து பார்த்தார். மாற்றித்தான் போட்டிருந்தார்.

உசந்த சாமான் என்றால் உசந்த சாமான்தான் என்று மகாதேவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வேறு என்ன சொல்லிக்கொள்வது?

"என்னமோ சொல்ல மறந்துட்டேன்னியே, அது என்ன?"

"அதை அப்புறம் சொல்றேன். முதல்ல ஸ்மிதாட்டேர்ந்து நம்ம ஏழு லிட்டர் குக்கரை வாங்கிண்டு வாங்கோ. கொடுத்து எத்தனை நாளாச்சு!"

மகாதேவன் மாடியேறிப் போய்க் கேட்டார். ஸ்மிதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, அது யாருக்குமே தெரியாதே! அன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போறச்சே வாசல்ல வெச்சு என் கையில கொடுத்துட்டுப் போனா. அப்புறம் அப்படி ஆயிடுத்து. எப்படித் திருப்பித் தரதுன்னு தெரியாமப் பரண்ல போட்டுட்டேன். உங்களுக்கு யார் சொன்னா?"

"விஜிதான்."

ஸ்மிதா கதவைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள்ல தேய்ச்சுக் கொண்டு வந்து தரேன் மாமா" என்றாள்.

அதற்கப்புறம் மகாதேவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. அவர் தலை வழுக்கை. மே மாதம் வேறு. வியர்த்து வியர்த்து ஹெட்போன் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே போயிற்று. வழுக்கினால் குரல் மறைந்து வெறும் ரயில் வந்தது. பரீத் குரங்குக் குல்லா போடச் சொன்னார். போட்டதில் வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

"குல்லாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் விஜயலக்ஷ்மி. "பழைய வேஷ்டியில ஒரு துண்டு கிழிச்சுக்கோங்கோ. தாடைக்குக் கீழே கொடுத்து, ஹெட்போனுக்கு மேலே கொண்டுவந்து, உச்சியில இறுக்கி ஒரு முடிச்சுப் போடுங்கோ."

போட்டார். அடடா! என்ன பொருத்தம்! காலனியின் ஹாரன் சத்தம், கொத்தமல்லிக்காரன் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் செத்துப்போய், அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஈஸிசேரில் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து, கண்ணை மூடி, சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குக்கரைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்த ஸ்மிதா, திறந்து கிடந்த வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்துக் கட்டி, கண்ணை மூடிச் சாய்ந்து கிடந்தார் மகாதேவன். நம் மனுஷாளுக்குத் தாடையை எப்போது கட்டுவார்கள் என்று தமிழ் பேசுகிற வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

"மாமா!" என்றாள். "மாமா!" என்று அலறினாள். குக்கர் கீழே விழுந்து உருண்டது. அதற்கும் அவர் அசையவில்லை. ஃபிட் அப்படி.

இருபதே நிமிஷம். சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் அவர் படமும் கூப்பிய கைகளும் வந்துவிட்டன. புனேயில் இருந்த மகள் ரஞ்சனாவுக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். மார்க்கெட்டிலிருந்து மாலை வந்தது. ஹாலில் நாலு பேர் நின்றுகொண்டு தெற்கு எந்தப் பக்கம் என்று சண்டை போட்டார்கள். ஒருவர் மொபைலில் திசைகாட்டியைத் தேடினார்.

பரீத் ஆபீசிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தார். "ஐயோ சார், நான்தானே ஒங்களை எட்டு மணி நேரம் ஓட்டச் சொன்னேன்!" என்று பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினார். தேம்பிக்கொண்டே ஹெட்போனைக் கவனித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இப்பத்தான்யா ஃபிட் ஆகியிருக்கு! அரே, என்னா ஃபிட்டு!"

யாரோ கழுத்தில் மாலையைப் போட்டபோது மகாதேவன் கண்ணைத் திறந்தார்.

"எல்லாரும் என்னத்துக்கு வந்திருக்கேள்?" என்று கத்தினார்.

ஹாலில் இருந்த நாலு பேரும் ஒரே கதவு வழியாக ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். மாலையை வீணாக்குவானேன் என்று மகாதேவன் அதைக் கழற்றி விஜயலக்ஷ்மியின் படத்துக்குப் போட்டார்.

மூன்றரை மணி நேரம் டாக்சியில் அழுதுகொண்டே வந்த ரஞ்சனாவுக்குக் கதவைத் திறந்தது அப்பாதான். கையில் காப்பி டம்ளர், தாடையில் கட்டு. அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்புறம் அதே கையால் அவர் தோளில் நாலு அடி போட்டாள்.

"க்யா ஹை யே சப்? சொல்லுங்கோப்பா! என்ன பண்ணிண்டிருக்கேள் நீங்க?"

"அம்மா பேசறாடி."

"அம்மா போயிட்டாப்பா!"

"எனக்குத் தெரியாதா? கொள்ளி வெச்சது நான்தானே? அன்னிக்கு அவ என்ன சொல்ல வந்தான்னு மட்டும் கேட்டுக்கறேன். அன்னிக்கே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேக்கலை. அது என்னைத் தின்னுண்டிருக்கு." "வேணும்னா நீயும் கேளேன்."

ஹெட்போனை நீட்டினார். ரஞ்சனா இரண்டு அடி பின்னால் போனாள்.

"வேண்டாம்பா. அம்மா குரலைக் கேட்டா என்னால தாங்க முடியாது. நாளைக்கு இதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம். நீங்க என்னோட புனேக்கு வரேள். அவ்வளவுதான்."

மறுநாள் காலை அவள் பெட்டியில் அப்பாவின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போனின் அட்டைப் பெட்டியும் மேஜை மேல் தயாராக இருந்தது. மகாதேவன் கடைசித் தடவையாகத் தாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"விஜி, இன்னிக்கோட சரி. இதைப் பிடுங்கிண்டு போகப் போறா. இப்பவாவது சொல்லு. அன்னிக்கு என்ன சொல்ல மறந்தே?"

இந்தத் தடவை ரயில் சத்தமே இல்லாமல், அவர் காதுக்குப் பக்கத்திலேயே குனிந்து நிற்கிற மாதிரி அவள் குரல் வந்தது.

"இப்போ பெல் அடிக்கும். வரவா எதை நீட்டினாலும் வாங்கிக்காதேங்கோ. காதுல இருக்கறதைக் கழட்டிக் கொடுத்துடாதேங்கோ. கொடுத்தேள்னா அப்புறம் நான் பேசறது கேக்காது. இதைத்தான் அன்னிக்குப் பிளாட்பாரத்துல நின்னுண்டு சொன்னேன். ரயில் வந்துடுத்து."

"அன்னிக்கா?" மகாதேவன் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கு இந்த ஹெட்போனே கிடையாதேடி!"

பெல் அடித்தது.

ரஞ்சனா போய்க் கதவைத் திறந்தாள். சுடிதாரும் கழுத்தில் கடை அட்டையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில், மேஜை மேல் இருந்ததைப் போலவே இன்னொரு அட்டைப் பெட்டி.

"மகாதேவன் அங்கிள் வீடுதானே? என் பேர் ஷர்மிளா. தாதர் ஹெட்போன் கடையிலருந்து வாறேன்."

"நல்ல வேளை, நாங்களே வரதா இருந்தோம்" என்ற ரஞ்சனா, அப்பாவின் ஹெட்போனைக் கைகாட்டினாள். "அப்பா, கழட்டுங்கோ. இவா கையிலயே கொடுத்துடலாம்."

"மாட்டேன்!" மகாதேவன் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நீ எதைக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம், போ!"

தாடையில் கட்டும் கண்ணில் நீருமாக நின்ற பெரியவரைப் பார்த்து ஷர்மிளா மிரண்டு போனாள். தப்பு தன் கடையுடையதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்; கொண்டுவந்த பெட்டியைப் பணிவாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கோவப்படாதீங்க அங்கிள், ஒங்க ஹெட்போன் இந்தா இருக்கு, அன்னைக்கு அவசரத்துல மாத்திக் குடுத்துட்டாங்க, நீங்க தலையில வச்சிருக்கது ஷோகேஸ்ல வைக்கதுக்குச் செஞ்ச வெறுங்கூடு, அதுக்குள்ள ஸ்பீக்கரே கெடையாது."