விசா தொரையின் ஜன்னல்

உலகத்தில் எந்தத் தூதரகமும் எங்கள் விசா தொரை அளவுக்கு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்காது. அதுவும் கண்டி மஹய்யாவவில், தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்துகொண்டே.

அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் கிளாக்காக இருந்து ஓய்ந்தவர். பிறகு ஊராருக்கு வெளிநாட்டுப் போர்ம் நிரப்பிக் கொடுத்தார். ஆனால் எந்தப் போர்மும் சும்மா போகாது. முதலில் அவர் நடத்தும் நேர்முகத்தில் தேற வேண்டும். அவர் கோட் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே உட்காருவார். நாம் வெளியே, மழையானாலும் குடையோடு நிற்க வேண்டும். கோட்டுக்குக் கீழே இடுப்பில் கட்டியிருப்பது சாரம்தான், அது ஜன்னலில் தெரியாது.

மறுத்து முடித்ததும் அவர் மனைவி ஜோசப்பின் அக்கா அதே ஜன்னலால் பாலில்லாத பிளேன்டீ நீட்டுவார்.

"இல்லேன்னுட்டாரா? மனச விட்டுறாதீங்க. வெளையாட்டுக்குப் போயி நின்ன எனக்கே ரெண்டு தடவ இல்லேன்னுட்டாரு."

எனக்கும் என் மனைவி ராணிக்கும் அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தர் குலுக்கலில் பெயர் விழுந்தது. நான் பல்லேகலத் தொழிற்சாலையொன்றில் கிளாக், ராணி பாலர் பாடசாலை டீச்சர். வாடகை அறையை விட்டு வெளியேற எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் விசா எடுக்காவிட்டால் அந்த அதிர்ஷ்டம் காலாவதியாகிவிடும். ஓடிப்போய் ஜன்னலில் நின்றோம்.

"அமெரிக்காவுல போயி என்னா செய்வீங்க?"

"கெடைக்கிற வேலய செய்வோங்க," என்றாள் ராணி.

"கெடைக்கலன்னா?"

ராணி யோசித்தாள். "திரும்பி வந்துருவோங்க."

"ரிஜெக்டட்!"

ராணிக்குப் பொய் வராது. அதனால் ஒன்பது தடவை தோற்றோம், இரண்டு மாதம் போனது. பத்தாவது தடவை நானே முந்திப் பதில் சொல்லித் தேறி, போர்மை அனுப்பினோம். தூதரகத்தில் எங்கள் முறை வருவதற்குள் கொரோனா வந்துவிட்டது. கூடவே அமெரிக்க ஜனாதிபதி, புதிதாகக் குடியேற வருகிறவர்களை இப்போதைக்கு உள்ளே விடக்கூடாதென்று ஓர் உத்தரவில் கையெழுத்தும் போட்டார்.

தொரை கொதித்துப் போனார். பாராளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்த விசாவை ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் நிறுத்தலாமா? சந்தியில் பாண் சுட்டு விற்கும் கடைக்கார நானா, தாராளமாக நிறுத்தலாம் என்றார்.

"எண்ட கடைக்குள்ள யாரு வரணும், யாரு வரப்படாதுண்டு நான்தானே சொல்லணும்?"

"கட ஒங்களோடதுதான் நானா. ஆனா நாளைக்கு வாங்க, பாண் எடுத்து வைக்கிறேன்னு நீங்களே துண்டு எழுதிக் குடுத்துட்டு, வந்தவங்கள வாசல்ல மறிக்கலாமா?"

நானா தாடியைத் தடவினார். "அப்பிடியெண்டா பாணைக் குடுக்கத்தான் வேணும்."

இந்த வழக்கு நானா நீட்டிய இரண்டு பாண் துண்டுகளோடு தீர்ந்தது. அன்றே தொரை அமெரிக்க நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நம் ஊரில் கிராம சேவகரின் அத்தாட்சி இல்லாமல் எந்த மனு நகர்ந்திருக்கிறது? அதையும் இணைக்க வேண்டுமென்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, அமெரிக்கா நம்ம பிரிவுல இல்லையே," என்றார் கிராம சேவகர்.

"இந்தப் பையன் ஒங்க பிரிவுல இருக்கான்ல? சீல குத்துங்க."

எங்கள் நன்னடத்தைக்குச் சாட்சியாகப் பங்குத் தந்தையின் கடிதமும் சேர்ந்து, மனு பதிவுத் தபாலில் போனது. பதில் வரவில்லை. அங்கே அந்த உத்தரவை வைத்து வழக்கறிஞர்கள் ஆளுக்கொரு பக்கம் வாதாட, நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருக்க, இங்கே செப்டம்பர் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை தொரை எங்கள் அறைக்கு வந்தார். கோட் இல்லை. கதிரையைக் காட்டியும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ரெண்டு மாசம் போர்ம நான் மறிச்சு வைக்காம இருந்திருந்தா, ஒங்க முற முந்தியே வந்திருக்கும். அந்த ஜனாதிபதி கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே ஒங்கள தடுத்தது நான்தான்."

அந்தக் கணக்கை நானும் ராத்திரியெல்லாம் போட்டுப் பார்த்திருந்தேன். கோபம் இருக்கவில்லை என்றால் பொய்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு அப்ப வச்ச பிரஜாவுரிம விசாரணைக்கு எங்கப்பா போயி, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாம நின்னாரு. இங்கனயே பொறந்த மனுசன், சாகுற வரைக்கும் நாடில்லாதவரா இருந்தாரு. அந்த மாதிரி எவனும் ஜன்னல்ல வாயடைச்சு நிக்கக் கூடாதுன்னுதான்..."

ஊரையெல்லாம் கேள்வி கேட்ட அந்த மனிதரிடம் ராணி ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"காலையில சாப்புட்டீங்களா ஐயா?"

தொரையால் பதில் சொல்ல முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து கதிரையில் உட்கார வைத்தேன். என் கோபம் அந்த இடத்தில் காணாமல் போனது.

நாங்கள் அமெரிக்கா போகாததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அன்று எங்கள் அறையில் சம்பலோடு நாலு ரொட்டி சாப்பிட்டார். மற்றவரைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.