மாமனார் கும்பிட்ட ஆயில் சட்டி

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவர் குடிகாரராகவோ கோபக்காரராகவோ இருந்துவிட்டால் மற்றவர் நிம்மதியாக வாழலாம். என் சகலை செல்வத்திடம் அப்படி ஒரு குறையும் கிடையாது. என்னைவிட இளையவர். வாய்க்கு வாய் "அண்ணே" என்பார். மாமனாருக்கு மறக்காமல் மாத்திரை வாங்கி வருவார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். குத்தாலத்தில் அவர் ஒரு பழைய கார் வாங்கினார் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

ஏனென்றால் அதே மாடல், அதே வெள்ளைக் கார் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. என்னுடையது ஒழுகும், அவருடையது ஒழுகாது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு தக்கைப் பட்டை உண்டு. என் வண்டியில் அது நைந்து போயிருந்தது. நான் எந்த வீட்டுக்குப் போய் வந்தாலும் வாசலில் கறுப்பாக ஓர் அத்தாட்சி இருக்கும். மாமனார் வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி எப்போதும் என் பங்கு.

செல்வம் தன் வண்டிக்கு அந்த கேஸ்கெட்டை வீட்டிலேயே, மெக்கானிக் இல்லாமல், தானே மாற்றினார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் பீற்றிக்கொள்கிறார் என்று வெறுத்திருக்கலாம்.) என் மனைவி சுமதி சொன்னாள், இட்லி வைத்துக்கொண்டே.

இந்த நிலையில் கடைசி மச்சினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் பழைய காரில் வர வேண்டும் என்று புது மாப்பிள்ளைக்கு ஆசை. போட்டோ நன்றாக விழுமாம். மூத்த மருமகன் நான். நியாயமாகப் பார்த்தால் என் வண்டிதான்.

மாமனார் இழுத்தார். "உங்க வண்டிதான் மாப்ளே முறை. ஆனா சம்பந்திங்க பாக்க ஒழுகிக்கிட்டே போனா நல்லாவா இருக்கும்? செல்வம் வண்டி இருக்கு..."

"கேஸ்கெட்டை மாத்திடறேன் மாமா."

"யார வச்சு?"

"நானேதான்." (வாயை ஏன்தான் திறந்தேனோ.)

வண்டிக்கு அடியில் வேலை பார்க்கப் பள்ளம் வேண்டும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னாலேயே குறுகலான பாசன வாய்க்கால் இருக்கிறது. ஆனி மாதம், காய்ந்து கிடந்தது. அந்த வருடம் தூர் வேறு வாரி, புல் பூண்டு இல்லாமல் கூடம் மாதிரி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் சின்னப் பாலத்திலிருந்து காரை மெல்ல நகர்த்தி, இந்தக் கரையில் இரண்டு சக்கரம், அந்தக் கரையில் இரண்டு சக்கரமாக நிறுத்தினேன். கீழே இறங்கினால் சௌகரியமாக உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். செல்வத்துக்கு இது தோன்றியிருக்குமா? அன்று காலை முழுவதும் அவர் மேல் எனக்குப் பொறாமையே இல்லை.

"மேட்டூர் திறந்தாச்சுன்னாங்களே, தண்ணி வந்துராதா?" என்றாள் சுமதி.

நான் சிரித்தேன். எந்த வருடம் எந்தக் கிழமை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (அவள் பிறந்தநாள்தான் கொஞ்சம் இடிக்கும்.) "இந்த வாய்க்காலுக்குக் கடைசி நாம. நமக்கும் கீழ உங்க அப்பா ஊருதான். கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிஞ்சுதான் தண்ணி எட்டிப் பாக்கும்."

பழைய ஆயிலை டின்னில் வடித்துக் கரையேற்றினேன். சட்டியைக் கழற்றி டீசலால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். போல்ட்டுகள் தொலையாமல் இருக்க எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டுப் பக்கத்தில் வைத்தேன். பிறகு எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஆரம்பித்தேன். அண்ணாந்து சுரண்டுகிறவனுக்குத் தரை தெரியாது. மனதுக்குள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நாதஸ்வரம், என் கார், பின்னால் நடந்து வரும் செல்வம். (புதுச் செருப்பு. கடிக்கிறது.)

உட்கார்ந்த இடம் சில்லென்றது. பாலத்தின் மேல் தடதடவென்று ஓடி வரும் சத்தம்.

"தண்ணி வந்திருச்சுங்க!" சுமதியின் குரலில் அத்தனை சந்தோஷம். கையில் பூ.

"இங்கயும் வந்திருச்சு!" என்றேன் காருக்கு அடியிலிருந்து.

தூர் வாரியிருந்ததால்தான் நான் அங்கே வசதியாக உட்கார முடிந்தது. தூர் வாரினால் தண்ணீரும் வசதியாக, சீக்கிரமாக வரும் என்பது வேட்டி நனைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நுரையும் சருகுமாக வந்த தண்ணீரில் சட்டி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, போல்ட்டுகளோடு கிளம்பியது. புதுத் தண்ணீருக்கென்று சுமதி தூவிய பூவில் பாதி அதற்குள் விழுந்தது.

"பிடிங்க, பிடிங்க!"

"கால் சேத்துல மாட்டிக்கிச்சுடி!"

அடுத்த ஊர் மதகில் மாமனாரும், கல்யாண வேலைக்காக வந்திருந்த செல்வமும் தண்ணீர் பார்க்க நின்றிருந்தார்கள். பளபளவென்று ஒரு பாத்திரம் பூவோடு மிதந்து வருவதைப் பார்த்ததும் மாமனார் துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டாராம். செல்வம் இறங்கி எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"மாமா, இது அண்ணன் வண்டியோட ஆயில் சட்டி."

சட்டியை அவரே பைக்கில் கொண்டுவந்தார். "போல்ட் எல்லாம் பத்திரமா இருக்குண்ணே. என்னமா சுத்தம் பண்ணியிருக்கீங்க!" என்றார். நிஜமாகவே பாராட்டினார். (ஒரு சிரிப்புச் சிரித்திருக்கக் கூடாதா? மன்னித்திருப்பேன்.)

அதற்குள் கரை ஊறி, ஒரு பக்கச் சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. கல்யாணத்துக்கு என் கார் வரவில்லை. ஊர்வலத்தில் போனது செல்வத்தின் வண்டி. நான் முன்சீட்டில், மடியில் பழத்தட்டோடு. வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி அடியில் எட்டிப் பார்த்தேன்.

"என்னண்ணே தேடறீங்க?" என்று கேட்டார் புது மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல தம்பி." உண்மையிலேயே ஒன்றுமில்லை. அதுதான் என் வருத்தம்.

மறுவீடு முடிந்ததும் டிராக்டர் வைத்து என் காரை இழுத்துப் போட்டதும், புது கேஸ்கெட் வைத்துச் சட்டியை மாட்டியதும் செல்வம்தான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் இரண்டு தடவை தப்பானது.

இப்போதும் மேட்டூர் திறந்த செய்தி வந்தவுடன் மாமனார் போன் செய்துவிடுவார். லைனில் மச்சினிகள் இருவரும், என் பக்கத்தில் சுமதியும் சிரிப்பது கேட்கும். "மாப்ளே, தண்ணி விட்டுட்டாங்க. இந்த வருஷம் என்ன அனுப்புறீங்க? கும்பிடத் தயாரா நிக்கிறேன்."

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் கார் அன்றிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. தினமும் காலையில் அதன் அடியில் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழட்டும். செல்வத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்வேன்.