கடைக்கு வரத் தேவையில்லை

புதிதாக ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டவருக்கு முதலில் மறந்துபோவது சொந்த ஊர்தான். எனக்கும் அப்படித்தான் ஆனது.

இன்று ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை பல கடைகளுக்கு நான் ஒன்லைன் விளம்பர ஆலோசகர். மலையகப் பெண்களுக்கென்று பேஸ்புக் குழு ஒன்றும் நடத்துகிறேன். (தம்பிக்கு இதெல்லாம் 'ஃபோன் நோண்டுற வேலை'.) சொல்லும்போது கொஞ்சம் கர்வம் தட்டத்தான் செய்கிறது. தட்டட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

ஆனால் என் முதல் வேலை இருக்கிறதே! ஃபோனிலேயே ஒரு விளம்பரக் கோர்ஸ் முடித்துவிட்டு, உலகத்தையே விற்றுவிடலாம் என்ற மிதப்பில் திரிந்த காலம். அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சுக் காட்டு. இல்லேன்னா மாமா சொன்ன கொழும்புத் துணிக்கடைக்குக் கெளம்பு." கொழும்பு வெயிலை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

அந்த ஒரு வேலையைத் தந்தவர், கொட்டகலை பஸாரில் பேக்கரி வைத்திருந்த ஹில்மி நானா. யோசனை என்னுடையது: இனி யாரும் கடைக்கு வரத் தேவையில்லை, வட்ஸ்அப்பில் சொன்னால் பாணும் பணிஸும் தோட்டத்து லய வீட்டு வாசலுக்கே வந்து சேரும். ஞாயிறு காலை பேஸ்புக் நேரலையில் ஒன்லைன் கடையின் திறப்பு விழா. அழைப்பு கௌரவமாக இருக்கட்டுமே என்று திருவிழா நோட்டீஸைப் பார்த்து எழுதி, தெரிந்த எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன்: 'அனைவரும் குடும்பத்தோடு வருகை தந்து விழாவைச் சிறப்பிக்குமாறு அன்போடு அழைக்கிறோம்.'

வருகை என்று நான் நினைத்தது ஃபோனுக்குள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலோ குடும்பத்தோடு அழைத்துவிட்டால் வீட்டுக்கு ஒருவராவது போயே ஆக வேண்டும். போகாவிட்டால் மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் முகம் பார்த்துப் பேச முடியாது. அழைத்தவர் சாப்பாடு போட வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்வதே இல்லை. (இதையெல்லாம் அந்தக் கோர்ஸில் சொல்லித் தரவில்லை.)

ஞாயிறு காலை பாண் தட்டில் ஃபோனைச் சாய்த்து வைத்து, சிரித்தபடி நேரலையைத் தொடங்கினேன். பார்த்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி குவைத்தில் இருக்கும் பெரியம்மா மகள். இன்னொருவன் பக்கத்திலேயே நின்ற தம்பி. மூன்றாவது, இரவல் ஃபோனில் நான்.

அப்போதுதான் வெளியே தப்பு மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தோட்டத்து லொறியிலிருந்து சனம் இறங்கிக்கொண்டே இருந்தது. தலை நிறையப் பூவும் கையில் தட்டுமாகப் பெண்கள். முன்னால், வெள்ளைச் சட்டையில் என் அப்பா.

"என்னப்பா இது?"

"நீதானம்மா கூப்பிட்ட? கோயில் மைக்குல நான்தான் ரெண்டு மூணு தடவ சொன்னேன். நம்ம புள்ள மொத மொதலா ஒரு விழா வைக்குது, ஆளு கொறையலாமா?"

பக்கத்து லயத்துச் செல்லம்மா அக்கா தேங்காய், வெற்றிலைத் தட்டை ஹில்மி நானாவின் கையில் கொடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "பந்தி எங்கங்க போட்டிருக்கு?"

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மகள், கடைக்கு ஆள் வரத் தேவையில்லன்னுதானே எனக்கு இவ்வளவு நாளும் பாடம் எடுத்தீங்க?"

மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்னக் கொழும்புக்கே அனுப்பிருங்கப்பா!" என்று ஓவென்று அழுதேன். நேரலையை நிறுத்த மறந்திருந்தேன். 'ஏன்டி அழுவுற? பின்னால அது யாரு, நம்ம சனமா?' என்று குவைத்திலிருந்து கமெண்ட் வந்தது.

நானா பெரிய மனுசர். தலையில் ஒரு தடவை அடித்துக்கொண்டார். பிறகு, வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாமல், இருந்த பணிஸையெல்லாம் எடுத்துவைத்துத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அலுமாரி துடைத்து வைத்தது போல் காலியானது.

சாப்பிட்ட கையோடு எங்கள் ஆட்கள் சும்மா போவார்களா? லயத்துக்கு லயம் அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து பாண், பணிஸ், பிறந்தநாள் கேக் என்று அவருடைய ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வார முடிவில் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"மகள், தீபாவளி கேக் விளம்பரமும் நீங்களே செய்ங்க. ஆனா இந்தத் தரம் அந்த 'குடும்பத்தோடு'ங்கிறத மட்டும் விட்டுடுங்க."

கொழும்புப் பேச்சு அதோடு நின்றது. அன்று தட்டோடு வந்த பெண்களைத்தான் என் குழுவில் முதலில் சேர்த்தேன். இன்றும் எனக்கொன்று என்றால் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சென்ற வருடம் எனக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் விளம்பரம் எழுதிப் பிழைக்கிற என்னை, என் பத்திரிகையை எழுத விடவில்லை. பேனாவை எடுத்ததுமே அம்மா பிடுங்கிக்கொண்டார்.

"நீ பேசாம ஒக்காரு, தம்பி எழுதட்டும். நீ எழுதுனா நம்மகிட்ட இருக்க அரிசி பத்தாது."