குளக்கரையில் ஏழு ஜோடி செருப்பு

வீடு என்றால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். வண்டி என்றால் கழற்ற வேண்டாம். வீடும் வண்டியும் ஒன்றாக வந்து நின்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கல்யாணம் நின்று போகப் பார்த்தது அந்த ஒரு குழப்பத்தால்தான்.

அப்போது நான் பர்மாவில், யாங்கோன் நகரின் கியாக்டடா பகுதியில், ஒரு வார இதழில் துணையாசிரியன். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது வேலை. செல்வியை எனக்குப் பேசியிருந்தார்கள். (வீட்டில் செல்வி, அவள் வேலை பார்க்கும் வங்கியில் பர்மியப் பெயரில் மா தன்டார்.) அவள் அப்பா சரி என்றுவிட்டார். அம்மா டோ சரோஜா (‘டோ’ என்பது பர்மாவில் ‘திருமதி’ போல) மட்டும் பிடி கொடுக்கவில்லை. "பையன் பொறுப்பானவனான்னு ஒரு நாள் கூடவே இருந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், மிங்கலாடோனில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்த பழைய வீட்டு வண்டி ஒன்று அவரிடம் பழுதுக்கு வந்திருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் உண்டு. உரிமையாளரிடம் இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கினார்.

"ரெண்டு குடும்பமும் இதுலயே ஏதாவது பூங்காவுக்குப் போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம் மாப்ள. பொம்பளைங்க வண்டியில, நாம குடிசையில. நல்ல இடமா நீ பாரு, போதும்."

ஜப்பான் வண்டியில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம், ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம். கதவுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பெகு பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் இரண்டு விடுமுறைப் பூங்காக்களைத் தேர்ந்தெடுத்தேன். நாலு குடிசை, ஊஞ்சல், ஒரு குளம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று இருக்கும் இடங்கள். தரை சமமா, தண்ணீர்க் குழாய் உண்டா, மின்சாரம் எடுக்க முடியுமா என்று இரண்டு இடத்திலும் போனில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இரண்டு பேருமே ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி பதில் சொன்னால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பத்திரிகைப் பழக்கம். இரண்டையும் பார்த்துவிட்டே முடிவு செய்வது என்று அறிவித்தேன்.

முதல் பூங்காவில் அத்தான் வண்டியைக் குளத்தை ஒட்டி நிறுத்தினார். கதவு தண்ணீரைப் பார்த்து இருந்தது. எல்லோரும் இறங்கிச் சுற்றிப் பார்த்தோம். அக்கா உள்ளே தேநீர் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் அம்மா, அக்கா, அத்தான், நான், அவர்கள் பக்கம் மூன்று பேர் என ஏழு பேரும் படியருகே புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். டோ சரோஜாவினுடையது பச்சை வெல்வெட் செருப்பு, மண்டலேயிலிருந்து வரவழைத்தது, அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தார். அத்தான் எப்போதுமே வெறுங்காலில் வண்டி ஓட்டுகிறவர், அதனால் அவருடையதும் அந்த வரிசையில்தான்.

தேநீர் குடித்தபடி நான் ஓட்டை கண்டுபிடித்தேன். குழாய் தொலைவில் இருக்கிறது. ஒலிபெருக்கி நம்மைப் பார்த்து இருக்கிறது.

"தம்பி எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்யுது" என்றார் டோ சரோஜா.

(அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பத்து நிமிடம் வாழ்ந்தேன்.)

"அத்தான், அடுத்ததைப் பார்ப்போம்!" என்றேன். அவர் உள்வழியாகவே நுழைந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். கிளம்பினோம்.

இரண்டாவது பூங்கா ஊரின் மறுகோடியில். நான்தான் முதலில் கதவைத் திறந்தேன். கால் தானாகச் செருப்பைத் தேடியது. கீழே செம்மண்தான் இருந்தது.

நான் யோசித்தது இதுதான்: செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டோம். இதோ கதவு. இதோ வெளியே. செருப்பு இல்லை. ஆகவே திருட்டு.

வரவேற்க வந்த பூங்காக்காரரிடம் பர்மிய மொழியில் கறாராகச் சொன்னேன்: "உங்க இடத்துல ஏழு ஜோடி செருப்பு காணாமப் போயிருக்கு."

அவர் என் காலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "நீங்க இப்பத்தானே வந்தீங்க?"

"அதனாலதான் கேக்கறேன். இப்பத்தான் போயிருக்கணும்."

பின்னால் வெறுங்காலோடு ஒவ்வொருவராக இறங்கிய தமிழர்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "ஓ, தீ மிதிக்க வந்தீங்களா? உங்க கோயில் அந்தத் தெருவுல. ஆனா திருவிழா முடிஞ்சு போச்சே" என்று வழி காட்டினார்.

செல்விதான் முதலில் புரிந்துகொண்டாள். சிரிப்பை அடக்க வாயில் கையை வைத்துக்கொண்டு, "வாசல் நம்மளோடயே வந்துருச்சு. வாசலுக்கு வெளியில இருந்தது வரலை" என்றாள்.

"என் வெல்வெட்டு?" என்றார் டோ சரோஜா. அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். சம்பந்தம் கைவிட்டுப் போவது என் காதில் கேட்டது.

முதல் பூங்காவின் வாசலில் கூட்டம். சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், ஓடுகிற ஆட்கள். யாரோ குளத்தில் விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள் அக்கா. இறங்கிப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் ஆண்கள் மூங்கிலால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"யாங்கோன்காரங்க. மொத்தக் குடும்பமும். ஏழு பேர்."

"ஐயோ! எப்படித் தெரியும்?"

அவர் கரையைக் காட்டினார். தண்ணீரைப் பார்த்தபடி ஏழு ஜோடி செருப்பு வரிசையாக இருந்தது. ஓரத்தில் ஓர் அம்மாள் பச்சை வெல்வெட் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, "புதுசு, ஒரு தடவைகூட நல்லா போட்டிருக்க மாட்டா" என்று அழுதுகொண்டிருந்தார்.

டோ சரோஜா அவர் எதிரில் போய் நின்றார். "அது என்னுது" என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துப் போட்ட அலறலில் துழாவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அப்புறம் விளக்கம், மன்னிப்பு, மறுபடி விளக்கம். வண்டி எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தார்களாம். வண்டிக்கு உள்ளே போகச் செருப்பை ஏன் கழற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டார். அது வீடு என்றேன். வீடு ஏன் போயிற்று என்றார்.

குளத்தின் நடுவில் ஒருவர் மட்டும் இன்னும் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார். கத்தினோம், காதில் விழவில்லை. செய்த குழப்பத்துக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. புது லுங்கியோடு இறங்கினேன். நீச்சல் தெரியாது என்பது இடுப்பளவைத் தாண்டி ஐந்தாவது அடியில் நினைவுக்கு வந்தது.

அந்த நல்ல மனிதர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். "ஒண்ணு கெடச்சிருச்சு! உயிர் இருக்கு!" என்று கத்தினார். கரையில் கைதட்டல். மிச்சம் ஆறு பேரைத் தேட மறுபடி தண்ணீருக்குத் திரும்பியவரை நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

நான் இருமி முடித்து நிமிர்ந்தபோது டோ சரோஜா, அந்த அழுத அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ எல்லோருக்கும் மீன் குழம்பில் சேமியா போட்ட மொஹிங்கா கொண்டுவந்திருந்தார்கள். குழாய் தொலைவு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மறந்து நானும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

"இங்கேயே தங்குவோம்" என்றார் டோ சரோஜா. "எனக்கு ஒண்ணுன்னா அழறதுக்கு இந்த ஊர்ல ஆள் இருக்கு."

செல்வி மெதுவாக, "அப்ப அந்த விஷயம், அம்மா?" என்றாள்.

டோ சரோஜா சொட்டச் சொட்ட நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொறுப்பு இருக்கான்னு இன்னும் தெரியல. ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் தண்ணியில எறங்குது. சரி, பேசி முடிங்க. கல்யாணம் மட்டும் சக்கரம் இல்லாத எடத்துல வைங்க."

வைத்தோம். இப்போது யாங்கோனின் அலோன் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். மாமியார் மாதம் ஒருமுறை வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, செருப்பை அதில் போட்டு முடிச்சிட்டு, மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

"அத்தை, இது செங்கல் கட்டடம், எங்கேயும் போகாது" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"போகாது தம்பி" என்பார், பையைத் தட்டிக்கொடுத்தபடி. "ஆனா நீ உள்ள இருக்கியே."