மலைப்புதினாவும் மது நீக்கிய மக்கியும்

பம்பாய் முழுவதும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக ஈயை வா வா என்று அழைத்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் எங்கள் பூச்சி பாய்தான். அவர் அழைத்தது தேனீயை. ஊர் காதில் விழுந்தது வெறும் ஈ. அதற்குக் காரணம் யார் என்பதைக் கடைசிவரை மறைக்க எனக்கு மனசில்லை. நான்தான்.

எண்பதுகளின் நடுவில், மாட்டுங்கா லேபர் கேம்பில் பாய் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். அதற்கு மேலே இருந்த பரணில் நான் வாடகைக்கு இருந்தேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மூன்று வருஷம் குனிந்தே வாழ்ந்ததில், ஆபீசில் எனக்குப் பணிவான பையன் என்று நல்ல பெயர். என் ஜன்னலுக்கு வெளியே பட்டறையின் தகரக் கூரை. அதன் மேல் பதினாறு எண்ணெய் டின்கள். டின் தவறாமல் மலைப்புதினா.

மலைப்புதினா என்பது பாய் வைத்த பெயர். கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தானாக முளைத்துக் கிடக்கிற காட்டுச் செடி. புதினா வாசம், துளசி மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பூத்துவிட்டால் அந்தப் பக்கம் காலை வைக்க முடியாதாம், அவ்வளவு தேனீயாம். ஊரிலிருந்து ஒரு சாக்கு மண்ணோடு பாய் அதை ரயிலில் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் செடிக்கு சீட் போட்டுவிட்டு இவர் நின்றுகொண்டே வந்ததாகப் பட்டறையில் சொல்வார்கள். கேட்டால், "பொய்யி. குண்டக்கல்லு வரைக்கும்தான் நின்னேன்" என்பார்.

இத்தனை பாடும் அவர் மனைவி மைமூனுக்காக.

கல்யாணமான புதிதில் அந்த அம்மா லேபர் கேம்புக்கு வந்து சரியாக இருபது நாள் இருந்தார். மலைத்தேன் எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தோராம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டார். "இங்க ஒரு தேனீகூட எட்டிப் பாக்க மாட்டேங்குது. தேனீ வராத எடத்துல மனுசி எப்படி இருப்பா? என்னைக்கு வருதோ அன்னைக்கு ஒரு லெட்டர் போடுங்க, அடுத்த ரயிலு ஏறிருதேன்."

அது 'வரமாட்டேன்' என்பதை நாசூக்காகச் சொன்னது என்று பட்டறைக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், தபால்காரருக்குக்கூடத் தெரியும். பாய்க்கு மட்டும் தெரியாது. பதினோரு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தேனீக்குக் காத்திருந்தார்.

"தம்பி, நம்ம ஊரு மலையும் இந்தா கர்ஜத் பக்கம் தெரியுதே இந்த மலையும் ஒரே மலைதாம்வே. அங்க ஆரம்பிச்சு இங்க முடியுது. அந்த ஓரத்துல அவ இருக்கா, இந்த ஓரத்துல நான் இருக்கேன். நடுவுல உள்ள தேனீக்கு இந்தப் பூவு அடையாளம் தெரியாமயா போயிரும்?"

அவர் அதைச் சொல்கிறபோது சிரிக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

செடி வளர்ந்தது. பூக்கத்தான் ஊர் விடவில்லை. எதிர்வீட்டு அக்கா அதைத் துளசி என்றே முடிவுகட்டி, ஓரத்து டின்னுக்குக் குங்குமம் வைத்துவிட்டார். பாய் கண்டுகொள்ளவில்லை. "சுத்திக்கூட வரட்டும். எலையக் கிள்ளாம இருந்தாச் சரி."

பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு பிரியாணி போட வந்த பண்டாரி, வாசம் பிடித்து, கத்தரிக்கோலோடு ஏணியில் ஏறிவிட்டார்.

"பாய், ரெண்டு கைப்பிடி குடுங்க. சட்டி அடுப்புல இருக்கு."

"ஓய்! மொட்டு விடுற நேரத்துல கத்தரியத் தூக்கிட்டு வாரீரே, ஒமக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"புதினா திங்கத்தானே பாய்?"

"மனுசன் திங்க மல்லி இருக்கு. இது விருந்தாளிக்கு வச்சிருக்கு."

"எந்த விருந்தாளி?"

பாய் ஆகாயத்தைக் காட்டினார். பண்டாரி அவர் மலக்குகளை, அதாவது வானத்துத் தேவதூதர்களைச் சொல்கிறார் என்று நினைத்து, தலைத் துண்டைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு இறங்கிப் போனார். அன்று பிரியாணி புதினா இல்லாமலே வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை ரொம்ப நாள் சொல்லிக்காட்டினார்கள்.

இனி என் திருவிளையாடல். ஒருநாள் பாய் கேட்டார்: "தம்பி, நீ ஆபீஸ்ல இந்திக்காரங்களோட பழகுதவன். தேனீக்கு இந்தில என்னா?"

எனக்குத் தெரிந்திருந்தது. மதுமக்கி. ஆனால் சொல்ல நாக்கு வரவில்லை. மக்கி என்றால் ஈ. மது என்றால் இந்தியில் தேன்; நமக்கு என்ன? மதுக்கடை, மதுவிலக்கு! ஐந்து வேளை தொழுகிற மனிதர், கடை கடையாகப் போய் மது, மது என்று கேட்டுக்கொண்டு நிற்பதா? நான் பெரிய மனசு பண்ணி மதுவை நீக்கிவிட்டேன்.

"மக்கி பாய். வெறும் மக்கின்னாலே போதும். எல்லாருக்கும் புரியும்."

நன்றாகவே புரிந்தது. இனிப்பு இருக்கிற இடத்துக்குத் தேனீ வரும், அங்கே பிடித்தால் கூடு இருக்கும் திசை தெரியும் என்று பாய் நேராக ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனார். கடை நிறையக் கூட்டம். பாய் கணீரென்று கேட்டார்: "ஸேட்ஜி, ஆப் கே துகான் மே மக்கி பஹுத் ஆத்தா ஹை க்யா?"

உங்கள் கடையில் ஈ நிறைய வருமா என்று! ஜிலேபியை வாயருகே கொண்டுபோன ஒரு மராட்டி அம்மாள் அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். ஸேட் கல்லாவைவிட்டு எழுந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்த பாய், "ஷரம் நஹி, ஸேட்ஜி! முஜே தோ தீன் சாஹியே" என்று ஆறுதல் வேறு சொன்னார். வெட்கப்படாதீர்கள், எனக்கு இரண்டு மூன்று வேண்டும் என்று! ஜல்லிக் கரண்டியோடு துரத்திக்கொண்டு வந்தார்கள்.

"நல்ல மனுசந்தான் தம்பி. ஏன் கோவப்பட்டாருன்னுதான் தெரியல." நானும் தெரியாது என்றேன். அல்லா மன்னிக்கட்டும், கடையில் என்ன கேட்டார் என்று அவர் சொல்லாததால் நிஜமாகவே எனக்கு அப்போது தெரியாது.

மழை விட்ட ஒரு காலையில் மலைப்புதினா பூத்தது. நாலாம் நாள், ஜன்னல் வழியே பாயின் கிசுகிசுப்பு: "தம்பி! எந்திரி! வந்திருச்சுவே!"

மூன்று தேனீ. கறுத்து, சின்னதாக, பூவுக்குப் பூ தாவிக்கொண்டு. பாய் மடித்துக் கட்டிய கைலியோடு ஏணியில் நின்றபடி, கீழே பட்டறையைப் பார்த்து அடித்தொண்டையில் உத்தரவு போட்டார். "மிசின நிறுத்துங்கவே, பயந்துரும்!" அரை நாள் பட்டறை ஓடவில்லை. எதிர்வீட்டு அக்காவின் ரேடியோவும் நின்றது. அன்று மதியமே கடிதம் போயிற்று. அதில் ஒரே ஒரு வரி. 'மைமூன், மூணு வந்திருக்கு.'

பதிலும் ஒரே வரி. வெள்ளிக்கிழமை தாதரில் இறங்குகிறேன்.

புதன்கிழமை முனிசிபாலிட்டியிலிருந்து புகை மிஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். மதராஸி பாய் ஒருத்தன் கூரை மேல் ஈ வளர்க்கிறான் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்களாம். ஜிலேபி வாசம் அடிக்கிற புகாராகத்தான் இருக்கவேண்டும்.

"மக்கி பால்தா ஹை க்யா?" ஈ வளர்க்கிறாயா என்று அதட்டினார்கள்.

பாய்க்குப் பூரிப்பு. "ஹாங் சாப்! பஹுத் மக்கி! ஆவோ, தேக்கோ!" வந்து பாருங்கள் என்று ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

பார்த்தார்கள். புகையடித்தார்கள். டின்களில் மருந்தையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் ஆபீசிலிருந்து வந்தபோது இலைகள் சுருண்டு கிடந்தன. தேனீ ஒன்றுகூட இல்லை. பாய் தகரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கன்னு நான்தான் தம்பி கூப்பிட்டேன். ஏணியும் நான்தான் பிடிச்சேன்."

நடந்ததைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மது நீக்கிய கதையைச் சொல்லி அழுதேவிட்டேன். பாய் துணியின் காய்ந்த பக்கத்தை எனக்குக் கொடுத்தார்.

"மரியாதைக்குத்தானல மதுவ விட்டே. போ, மூஞ்சியத் தொடச்சுக்க."

வெள்ளிக்கிழமை மைமூன் அம்மா வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே ஏணியில் ஏறினார். பட்டறை, எதிர்வீட்டு அக்கா, நான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினாறு டின்னிலும் பழுப்பேறிய குச்சிகள்.

"வந்துச்சு மைமூன். சத்தியமா. மூணு."

அந்த அம்மா ஒரு குச்சியை ஒடித்து முகர்ந்து பார்த்தார். "நீங்க பொய் சொல்லுதீகன்னு நினைச்சுத்தான் வந்தேன்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினோரு வருசமா மழை பெஞ்சா பெஞ்சுதும்பீக, தேனீ வரலேன்னா வரலேம்பீக. அப்படிப்பட்ட மனுசன் ஒரு தேனீக்குப் பொய் சொல்லுத அளவுக்கு ஆயிட்டாகளேன்னு மனசு கேக்கல. அதான் வந்தேன்."

"பொய்யில்லம்மா!" என்று நான் பரணிலிருந்து கத்தி, எழுந்து, தலையை இடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் அந்த அம்மா. "தண்ணி எங்க இருக்கு? வேரு பச்சையாத்தான் இருக்கு."

அவர் அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. எண்பதுகள் முடிகிற வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். தைக்கிற வேலைக்குப் பாயின் முதுகு ஒத்துழைக்காமல் போனபோது சேர்ந்தே ரயிலேறினார்கள். மலையின் அந்த ஓரத்தில் இப்போது இருவரும் இல்லை.

பாய் போகும்போது கொடுத்த டின் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. செடி மட்டும் தொட்டி மாறி மாறி, இப்போது என் வாஷி வீட்டு பால்கனியில் இருக்கிறது. மழை விட்டதும் பூக்கும். தேனீ வந்தால் நான் அடுப்படியைப் பார்த்து, "மிக்ஸியை நிறுத்து, பயந்துரும்" என்று கத்துகிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இன்று காலையும் வந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன், மூன்று. மைமூன் அம்மாவுக்கு ஒரு வரி போடலாம், பாய்க்கு ஒரு வரி போடலாம். எந்த ஊருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.